குளிர்கிடங்கு வாசலில் இரட்டை அடி

பெரிய டிரம்மை முதல் நாளே தூக்கித் தோளில் மாட்டிவிட்டபோது மார்னி டாட்ஸுக்குச் சந்தேகம் தட்டியது. வாத்தியம் எதுவும் தெரியாது என்று சொல்லித்தான் அவள் பேண்டில் பெயர் கொடுத்திருந்தாள். தெரியாதவளுக்கு யாரும் நல்லதாகப் பார்த்து எடுத்துக் கொடுப்பதில்லை. அம்மா வேலை மாறும்போதெல்லாம் பள்ளிக்கூடம் மாறி மாறி அவள் கற்றுக்கொண்டது அது. புதிதாக வருகிறவளுக்குக் கால் ஆடும் நாற்காலியும் கதவு மூடாத பெட்டியும்தான் கிடைக்கும். இங்கே என்னவென்றால், பேண்டிலேயே பெரிய வாத்தியம், எல்லோருடைய காலையும் இழுத்துக்கொண்டு போகிற வாத்தியம், கேட்காமலே கைக்கு வந்திருக்கிறது. இதில் ஏதோ இருக்கிறது.

"உனக்கு நடக்க வருமா?" என்று கேட்டாள் மிஸஸ் பர்விஸ். ஸ்கார்பி ஊரின் கடற்படை மாணவர் படைக்கு அவள்தான் பேண்டு ஆசிரியை. மற்ற நாட்களில் வீடு வீடாகத் தபால் கொடுக்கிறவள்.

"வரும், மேடம்."

"அப்ப இதுவும் வரும். எடது கால் தரையில படும்போது ஒரு அடி. அவ்வளவுதான். வேகமா நடந்தா எல்லாரும் ஓடுவாங்க, நின்னா எல்லாரும் நிப்பாங்க. அதனால வேகமா நடக்காத, நிக்காத."

பின்னாலிருந்து ஒரு சிரிப்பு. தாளத்தட்டு இரண்டையும் துடைத்துக்கொண்டிருந்த ஆல்ஃபி ஸ்டோபர்ட் சிரித்திருந்தான். மெலிந்த பையன், காது மட்டும் பெரியது.

"வின்ஷாக்காரிக்கு டிரம் தெரியாதாம். நம்பிட்டேன்."

வின்ஷா அடுத்த ஊர். அதே கடற்கரைதான், நடுவில் ஒரு நிலமுனைதான். ஆண்டுதோறும் வசந்தகாலப் போட்டியில் வின்ஷா பேண்டு கோப்பையைத் தூக்கிக்கொண்டு போகும்; ஸ்கார்பி பேண்டு வண்டியில் ஏறி வாய் திறக்காமல் ஊர் திரும்பும். மார்னி வின்ஷா படையில் இருந்தது உண்மை. ஆனால் அங்கே அவள் படகு மட்டும்தான் வலித்தாள். பேண்டுக்காரர்கள் பயிற்சி செய்யும் அறையின் கதவுகூட அவளுக்குத் திறந்ததில்லை. இதை அவள் ஸ்கார்பியில் எத்தனை பேரிடம் சொன்னாளோ அத்தனை பேரும் தலையை மட்டும் ஆட்டினார்கள்.

டிரம்மின் தோள்வாரின் உட்புறம், வியர்வை பட்டுக் கறுத்த இடத்தில், மையால் ஒரு பெயர் எழுதியிருந்தது: ஜூட்.

"ஜூட் யாரு?" என்று கேட்டாள்.

கூடம் முழுக்க முகங்கள் வேறு பக்கம் திரும்பின. அந்தக் கட்டடத்தை அவர்கள் கப்பல் என்றுதான் சொல்வார்கள். தரை அவர்களுக்குத் தளம். வீட்டுக்குப் போவது கரைக்குப் போவது. பியூகிள் என்னும் ஊதுகொம்புக்காரர்கள் தங்கள் ஊதுவாய்களைக் கவனமாகத் துடைக்கத் தொடங்கினார்கள்.

பேண்டின் தலைவி ஹெஸ்டர் கெய்ட்தான் பிறகு சமையல் மூலையில் தேநீர்க் கோப்பை கழுவும்போது விஷயத்தைச் சொன்னாள். அலங்காரக் கோலை ஏந்தி முன்னால் நடப்பவள் அவள். படையில் மூத்தவள், அதனால் பயமில்லாமல் பேசுவாள்.

"ஜூட் ராப்சன். மூணு வருஷமா பெரிய டிரம் அவன்தான். ஜூலையில ஒரு ஞாயித்துக்கிழமை, துறைமுகச் சாலையில உயிர்காப்புப் படகு விழா ஊர்வலம். மேயர் நிக்கிறார், ஊரே நிக்குது. பாட்டுக்கு நடுவுல இரட்டை அடி கொடுத்துட்டான்."

"இரட்டை அடின்னா?"

ஹெஸ்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "நெஜமாவே தெரியாதா? டம்-டம்னு சேத்து ரெண்டு அடிச்சா, வாசிக்கிறத நிறுத்துன்னு அர்த்தம். வாய்விட்டுக் கத்தினா அத்தனை சத்தத்துல யாருக்குக் கேக்கும்? டிரம் அடிச்சா கேக்கும். இரட்டை அடி விழுந்தா எல்லாரும் அந்த வரியோட நிறுத்திடணும். ஏன், எதுக்குன்னு யோசிக்கக்கூடாது. அன்னிக்கு எல்லாரும் நிறுத்திட்டோம். மேயர் முன்னாடி வெறும் பூட்ஸ் சத்தம்."

"ஏன் அடிச்சானாம்?"

"அடிக்கவே இல்லைன்னான். நாங்க அத்தனை பேரும் காதால கேட்டோம், அவன் மட்டும் இல்லைங்கறான். மேடம் தப்ப ஒத்துக்கோன்னாங்க. ஒத்துக்க மாட்டேன்னுட்டுப் போயிட்டான். அப்புறம் அந்த டிரம்ம யாரும் தொடல."

அப்படியென்றால் விஷயம் இதுதான். யாரும் தொடாததைத் தொடுவதற்கு வெளியூர்க்காரி ஒருத்தி தேவைப்பட்டிருக்கிறாள். மார்னிக்கு ஒருவிதத்தில் நிம்மதியாகவே இருந்தது. காரணம் தெரிந்துவிட்டால் சந்தேகத்தைக் கொஞ்சம் இறக்கி வைக்கலாம்.

டிரம் அவளுக்குப் பிடித்துப்போனதுதான் அவளே எதிர்பாராதது. செவ்வாய்க்கிழமை மாலைகளில் துறைமுகச் சாலையில் நடந்து பழகுவார்கள். ஒரு பக்கம் படகுகள். மறுபக்கம் வலைக் கொட்டகை, ஐஸ் ஆலை, கடைசியில் மீன் குளிர்கிடங்கு. டிரம்மை மாட்டினால் அதன் வட்டம் முகவாய் வரை வந்துவிடும். கால் வைக்கிற தரை தெரியாது. ஒவ்வோர் அடியும் நெஞ்செலும்புக்குள் இறங்கி வயிற்றில் போய் நிற்கும். மற்றவர்களுக்குக் கேட்கிற மாதிரி அது அவளுக்குச் சத்தமாகக் கேட்காது. உடம்பு முழுக்க ஒரு நடுக்கமாகத்தான் தெரியும். ஆனால் அவள் அடித்தால் எல்லாக் கால்களும் ஒன்றாக விழுந்தன. பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாட்டு மேசையில் நகர்ந்து இடம் விடாதவர்கள்கூட இங்கே அவள் அடிக்கு ஏற்பத்தான் காலை எடுத்து வைக்க வேண்டியிருந்தது. இதை யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. சொன்னால் பிடுங்கிவிடுவார்கள்.

டிரம்காரருக்குத் தரை தெரியாது என்பதால் இடப்பக்கம் நடக்கும் தாளத்தட்டுக்காரன்தான் கண். பள்ளம், திருப்பம், நடைபாதை விளிம்பு எல்லாவற்றையும் வாய் அசையாமல் சொல்லிக்கொண்டே வர வேண்டும். அந்தக் கண் ஆல்ஃபி.

"குதிரைச் சாணி," என்றான் இரண்டாவது வாரம்.

மார்னி தாண்டிக் குதித்தாள். டிரம் முகவாயில் இடித்தது. சாலையில் சாணியும் இல்லை, குதிரையும் இல்லை.

"மன்னிச்சுக்கோ. கல்லு ஒண்ணு சாணி மாதிரி தெரிஞ்சுது, அதான்," என்றான் ஆல்ஃபி, முகத்தை நேராக வைத்துக்கொண்டு.

அன்றிலிருந்து அவன் பள்ளம் என்றால் இல்லை என்றும், ஒன்றும் சொல்லாவிட்டால் இருக்கிறது என்றும் எடுத்துக்கொண்டு நடந்தாள். அப்படியும் ஒரு முறை நிஜமான பள்ளத்தில் விழப்போனாள்.

அக்டோபர் கடைசியில் முதல் ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை வந்தது. அடுத்த மாதம் நினைவு ஞாயிறு. போரில் இறந்தவர்களுக்காக ஊரே சிவப்புக் காகிதப் பூவைச் சட்டையில் குத்திக்கொண்டு நினைவுத்தூணுக்கு நடக்கும் நாள். பேண்டுதான் முன்னால் போகும். அந்த நாளில் பிழை செய்கிறவனை ஸ்கார்பி மறப்பதில்லை.

மார்னியின் அம்மா முதியோர் இல்லத்தில் காலை வேலையை முடித்துக்கொண்டு, சீருடையோடு ஓடிவந்து, குளிர்கிடங்கைத் தாண்டிய படகு கட்டும் தூணருகே செல்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். மகளின் முதல் நடை.

படகுத்துறை மூலையில் கிளம்பினார்கள். பியூகிள்கள் எழுந்தன, சைடு டிரம்கள் பொரிந்தன. பாட்டின் நடுவில் ஓரிடம் உண்டு: பியூகிள்காரர்கள் மூச்சு வாங்குவார்கள், சைடு டிரம்கள் கையை நிறுத்தும், பெரிய டிரம் மட்டும் தனியாக ஒரே ஓர் அடி, முழு பலத்தோடு. மார்னிக்கு மிகவும் பிடித்த இடம் அது. அடித்தாள்.

பேண்டு நின்றுபோனது. கால்கள் நடந்தன, வாத்தியங்கள் நின்றுவிட்டன. பூட்ஸ் சத்தம் மட்டும் கொஞ்ச தூரம் போய், ஹெஸ்டர் கோலை உயர்த்த, அதுவும் நின்றது.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். டிரம்மின் விளிம்புக்கு மேலே அவர்களுடைய தொப்பிகள் திரும்புவது தெரிந்தது.

"நான் ஒரு தடவைதான் அடிச்சேன்," என்றாள் மார்னி.

"அவனும் இதையேதான் சொன்னான்," என்றது ஒரு குரல்.

"வின்ஷாவுல சொல்லி அனுப்பியிருப்பாங்க," என்றது இன்னொன்று. "மெதுவாச் சொல்லுடா, மேடம் காதுல விழும்" என்று அதற்கு ஒரு பதில். மெதுவாகச் சொல்லவில்லை.

மிஸஸ் பர்விஸ் பின்னாலிருந்து நடந்து வந்தாள். கோபப்படவில்லை. அதுதான் மோசமாக இருந்தது.

"அடுத்த ஞாயிறு கடைசி ஒத்திகை. அன்னிக்கும் இப்பிடி ஆச்சுன்னா டிரம் அலமாரிக்குள்ள போயிடும். நினைவு ஞாயிறு டிரம் இல்லாமலே நடக்கலாம். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது, மேடம்."

புரிந்தது வேறு. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் மார்னி ஒன்றொன்றாக அடுக்கிப் பார்த்தாள். ஜூலையில் டிரம்மில் இருந்தவன் ஜூட். அக்டோபரில் இருந்தவள் தான். இரண்டு முறையும் டிரம்மின் பக்கத்தில் நடந்தவன் ஒருவன்தான். முட்டியால் ஓர் இடி இடித்தால் போதும். தாளத்தட்டின் விளிம்பால் ஒரு தட்டு தட்டினாலும் போதும். டிரம்காரிக்குத்தான் கீழே எதுவும் தெரியாதே. உடம்பெல்லாம் அதிர்ந்துகொண்டிருக்கும்போது இன்னொரு சின்ன இடி தெரியவா போகிறது? குதிரைச் சாணிக்காரன் எதையும் செய்வான்.

அம்மா எடுத்த வீடியோப் படத்தைத் தன் செல்பேசியில் வாங்கிக்கொண்டு அறைக் கதவைச் சாத்தினாள். ஆல்ஃபியின் முட்டியைப் பிடித்துவிடுவது என்று உட்கார்ந்தாள். படத்தில் சத்தம் தெளிவாக இருந்தது. அந்த இடம் வந்தது. டம்-டம். இரண்டு. சந்தேகமே இல்லை.

மறுபடி ஓட்டினாள். இந்த முறை ஆல்ஃபியை மட்டும் பார்த்தாள். அவன் இரண்டு கைகளும் தட்டுகளோடு விலகி நின்றன. முட்டி டிரம்முக்கு ஒரு முழம் தள்ளி. அடுத்த முறை தன் கையை மட்டும் பார்த்தாள். குச்சி ஒரு தடவை வந்தது, போனது. சத்தம் மட்டும் இரண்டு. பிடிக்க வந்த ஆள் கண்ணெதிரே குற்றமற்றவனாக நிற்பதைப் பார்க்க அவளுக்கு எரிச்சலாக இருந்தது. இன்னும் பலமுறை ஓட்டிப் பார்த்தாள். ஆல்ஃபி ஒவ்வொரு முறையும் குற்றமற்றவனாகவே இருந்தான்.

ஆள் இல்லையென்றால் இடமாகத்தான் இருக்க வேண்டும் என்று, திங்கட்கிழமை பள்ளி விட்டதும் துறைமுகச் சாலையில் பேண்டு நின்ற இடத்துக்குப் போனாள். குளிர்கிடங்கு திறந்து கிடந்தது. லாரிகள் பின்பக்கமாக உள்ளே போய் நின்று மீன்பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தன. எதிரே சாலையில் நின்று கை தட்டினாள். ஒன்றுமில்லை. ஒரு லாரி ஓட்டுநர், "என்ன கண்ணு, எனக்கா கைதட்டல்?" என்றான். முகம் சிவந்து திரும்பிவிட்டாள்.

சனிக்கிழமை மதியம் அதே வழியாக உருளைக்கிழங்கு வறுவல் வாங்கப் போனபோது வேலை முடிந்து சாலை வெறிச்சோடியிருந்தது. குளிர்கிடங்கின் புது இரும்பு ஷட்டர், சுவர் அளவு அகலம், தரைக்கு ஒரு விரல் இடுக்கு மட்டும் விட்டு இறங்கியிருந்தது. வசந்தத்தில் போட்டது, அதற்கு முன்னால் மரக்கதவுதான் என்று ஊரில் சொல்வார்கள். மார்னி சுற்றிலும் பார்த்துவிட்டுக் கை தட்டினாள்.

தட்டிய சத்தம் திரும்பி வந்தது. அவளுடையது போலவே, கொஞ்சம் தாமதித்து, யாரோ உள்ளே நின்று பதில் தட்டியது போல.

அங்கேயே நின்றாள். செவ்வாய்க்கிழமை கதவு திறந்திருக்கும், சத்தம் உள்ளே போய்த் தொலைந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை மூடியிருக்கும். எப்போதும் படகுத்துறை மூலையில்தான் கிளம்புகிறோம். அதனால் அந்தத் தனி அடி எப்போதும் இங்கேதான் விழுகிறது. முன்னால் போகிறவர்கள் காதில் அடியும் கேட்கும், இரும்பில் பட்டுத் திரும்பியதும் கேட்கும். இரட்டை அடி. ஏன், எதுக்கு என்று யோசிக்கக் கூடாது. டிரம்மை அணைத்துக்கொண்டிருப்பவருக்கு மட்டும் எதுவும் கேட்காது.

ஜூட் ராப்சன் பொய் சொல்லவில்லை.

அந்த மகிழ்ச்சி வறுவல் கடை வாசல் வரைகூடத் தாங்கவில்லை. ஜூட் பொய் சொல்லவில்லை என்று தெரிந்தால் ஜூட் திரும்பி வருவான். வந்தால் டிரம் யாருடையது?

கடையில் கல்லாவுக்குப் பின்னால் நின்றவன் அவன்தான் என்று சட்டையில் குத்தியிருந்த பெயரைப் பார்த்தபிறகுதான் தெரிந்தது. அகன்ற தோள். எண்ணெய்ச் சட்டியின் ஆவியில் முகம் பளபளத்தது. அவனும் அவளை அடையாளம் கண்டுகொண்டான். ஸ்கார்பியில் அதற்கு நேரமாகாது.

"நீதானே வின்ஷா பொண்ணு? டிரம் எப்பிடி இருக்கு?"

"நல்லா இருக்கு."

"எடது பக்கத் தோல் ஈரத்துல தொய்யும். நடக்கறதுக்கு முன்னாடி இழுத்து இறுக்கு. வினிகர்?"

"கொஞ்சம்."

அவன் நிறைய ஊற்றினான். "உனக்கும் போன ஞாயிறு அதே மாதிரி ஆயிடுச்சாமே."

"ம்."

"நீ ஒரு தடவைதான் அடிச்ச. சரியா?"

மார்னி பொட்டலத்தைப் பார்த்தாள். "சரி."

"நம்பறேன். வேற யாரு நம்பறாங்களோ இல்லையோ. ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோ. ஆல்ஃபி ஸ்டோபர்ட் பக்கத்துல ஜாக்கிரதையா இரு. சின்ன வயசுலேர்ந்து கூட்டாளி. இப்ப அவன் மூஞ்சியப் பாத்தே நாலு மாசம் ஆச்சு."

ஆல்ஃபியின் முட்டி ஒரு முழம் தள்ளியிருந்த காட்சி அவளுடைய சட்டைப்பையில் இருந்த செல்பேசியில் பத்திரமாக இருந்தது. எடுத்துக் காட்டினால் ஒரு நிமிஷ வேலை. வரிசையில் பின்னால் நின்ற பெண்மணி, "தம்பி, என் மீன் கருகுது" என்றாள். மார்னி பொட்டலத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். வறுவல் புளித்தது. பாதியைக் கடற்பறவைகளுக்குப் போட்டாள்.

மறுநாள் ஞாயிறு, கடைசி ஒத்திகை. அந்த இடம் வந்தபோது மார்னி குச்சியை ஓங்கினாள், ஆனால் விழவிடவில்லை. தோலைத் தொட்டு எடுத்தாள். பூட்ஸ் சத்தத்தில் அந்த இடைவெளியை யாரும் கவனிக்கவில்லை. பியூகிள்கள் மூச்சு வாங்கி மறுபடி எழுந்தன. பேண்டு குளிர்கிடங்கைத் தாண்டி, நினைவுத்தூண் வரை, ஒரு தடங்கலும் இல்லாமல் போய்ச் சேர்ந்தது.

"ஜூட் செய்யாதத நீ செஞ்சிட்ட," என்று ஹெஸ்டர் அவள் தோளில் தட்டினாள். மிஸஸ் பர்விஸ் தலையசைத்தாள். அவளிடமிருந்து அது பெரிய விஷயம். பியூகிள் பையன் ஒருவன் தன்னிடமிருந்த பிஸ்கட்டில் பாதியை உடைத்துக் கொடுத்தான். மார்னி வாங்கிக்கொண்டாள். இத்தனை நாள் தன்னைப் பற்றி அவர்கள் சந்தேகப்பட்டதில் ஒன்றுகூட உண்மையில்லை. இன்று சந்தேகப்பட உண்மையாகவே ஒன்று இருக்கிறது. இன்றைக்குப் பார்த்து எல்லோரும் நம்புகிறார்கள்.

எல்லோரும் இல்லை. டிரம்மைக் கழற்றி உறையில் போட்டுக்கொண்டிருந்தபோது ஆல்ஃபி வந்து எதிரே குந்தினான்.

"அந்த எடத்துல நீ அடிக்கல."

"அடிச்சேன்."

"தொட்ட. நான் பக்கத்துல நடக்கறேன், எனக்குத் தெரியாதா? தரை நடுங்கும், இன்னிக்கு நடுங்கல."

"பேண்டு நிக்காமப் போச்சுல்ல? அப்புறம் என்ன?"

"அதான் கேக்கறேன். போன வாரம் ரெண்டு. இந்த வாரம் ஒண்ணுகூட இல்ல. உனக்கு என்னமோ தெரியும். இல்லன்னா போன வாரம் வேணும்னே அடிச்சிருக்க."

"நான் எதுக்கு வேணும்னே அடிக்கணும்?"

"ஜூட் எதுக்கு வேணும்னே அடிச்சான்?" என்றான் ஆல்ஃபி. பிறகு கீழே பார்த்துத் தட்டின் வாரைத் திருகினான். "அவன் அடிச்சிருக்க மாட்டான். நான் இடிச்சேன்னு நெனைக்கிறான். எங்க தெரு வழியா வர்றதில்ல. அவங்கம்மா கடையில என்னப் பாத்தா வேற பக்கம் திரும்பிக்கறாங்க. நான் இடிக்கல. இடிச்சிருந்தா இடிச்சேன்னு சொல்லிட்டு ரெண்டு அடி வாங்கிட்டுப் போயிருப்பேன். குதிரைச் சாணி நான்தான்னு ஒத்துக்கிட்டேன்ல?"

"ஒத்துக்கவே இல்ல."

"சரி, இப்ப ஒத்துக்கறேன்."

மார்னி உறையின் கயிற்றை இறுக்கினாள். இறுக்கினால் முடிந்தது, நினைவு ஞாயிறு அவளுடையது, அதற்கடுத்த வசந்தமும். எதிரே குந்தியிருந்தவன் பெரிய காதுகளோடு, அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். கோபமாகக்கூட இல்லை. தெரிந்தால் போதும் என்பது போல.

கயிற்றை அவிழ்த்தாள்.

"இதத் தூக்கிட்டு வர்றேன். நீ கூட வா."

"எங்க?"

"வா. கேள்வி கேட்டா சொல்ல மாட்டேன்."

"இது வின்ஷா வேலை எதாவதுன்னா..."

"ஆமா, துறைமுகத்துல தள்ளி விடப் போறேன். வா."

குளிர்கிடங்கு வாசலில் யாருமில்லை. ஷட்டர் மூடிக் கிடந்தது. அவனை முன்னால், படகுத்தூண் பக்கம் போய் நிற்கச் சொன்னாள். தன் இடத்தில் நின்று டிரம்மை மாட்டிக்கொண்டாள்.

"ஒரு தடவைதான் அடிக்கப் போறேன். என் கையப் பாரு."

முழு பலத்தோடு அடித்தாள். நெஞ்செலும்பு அதிர்ந்தது. டிரம்முக்கு மேலே ஆல்ஃபியின் முகம் தெரிந்தது. அவன் அவளைப் பார்க்கவில்லை, ஷட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னொண்ணு," என்றான்.

அடித்தாள்.

"இன்னொண்ணு."

"கை வலிக்குது. நம்பறியா, இல்லையா?"

அவன் ஷட்டர் அருகே போய், குனிந்து, அடிப்பக்க இடுக்கு வழியாக உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தான். பிறகுதான் நம்பினான்.

"யாரக் கேட்டு டிரம்ம வெளிய எடுத்தீங்க?" சாலை முனையிலிருந்து மிஸஸ் பர்விஸ் வந்துகொண்டிருந்தாள். ஆல்ஃபி கையை நீட்டி, "அங்கயே நில்லுங்க, மேடம். அங்கயே. மார்னி, அடி" என்றான். ஆசிரியையிடம் அப்படிப் பேசிப் பழக்கமில்லாதவன். அவளும் நின்றுவிட்டாள்.

மார்னி அடித்தாள்.

மிஸஸ் பர்விஸ் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டாள். "எவ்வளவு நாளாத் தெரியும்?" என்றாள் மார்னியிடம்.

"நேத்துலேர்ந்து."

"அதான் இன்னிக்கு அடிக்கலையா?"

"ஆமா, மேடம்."

"ம்." அவள் குளிர்கிடங்கைப் பார்த்தாள், பிறகு வறுவல் கடை இருந்த பக்கம் பார்த்தாள். "டிரம்ம உள்ள கொண்டு போய் வைங்க ரெண்டு பேரும். நான் ஒருத்தனப் பாத்துட்டு வர்றேன்."

செவ்வாய்க்கிழமை ஜூட் வந்தான். நாலு மாதத்தில் வளர்ந்திருந்தான். சீருடையின் கை மணிக்கட்டுக்கு மேலே நின்றது. அவனும் ஆல்ஃபியும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். "காது இன்னும் பெருசாயிருக்குடா," என்றான் ஜூட். "நீ மீன் வாசம் அடிக்கிற," என்றான் ஆல்ஃபி. அவர்களுக்குள் அதோடு முடிந்தது.

மார்னி தோள்வாரை எடுத்து நீட்டினாள். அவன் வாங்கவில்லை. உட்புறம் தன் பெயர் இருப்பதைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான்.

"உனக்கு என்ன வேணும்?"

"ஒண்ணும் வேணாம்."

"சனிக்கிழமை கடையில நின்னப்பவே உனக்குத் தெரியும். மேடம் சொன்னாங்க. சொல்லாம இருந்த. அப்புறம் சொல்லிட்ட. எதுக்கு?"

"தெரியல."

"ஒண்ணும் வேணாம்னு எந்த வின்ஷாக்காரியும் சொல்லி நான் கேட்டதில்ல."

அவன் முகத்தில் இருந்த சந்தேகம் அவளுக்கு நன்றாகத் தெரிந்த சந்தேகம். கண்ணாடியில் தினமும் பார்ப்பது. ஏதாவது கேட்டுத் தொலைத்தால்தான் அவனுக்கு நிம்மதி வரும் என்று தோன்றியது.

"செவ்வாய்க்கிழமை ஒத்திகையில ஒரு பாட்டுக்கு நான் அடிக்கணும். ஒவ்வொரு வாரமும்."

"அதானே பாத்தேன்," என்றான் ஜூட், தோள் தளர்ந்தது. வாரை வாங்கிக்கொண்டான்.

நினைவு ஞாயிறு காலையில் கடல் பக்கமிருந்து சன்னமான மழை. மார்னிக்குக் கையில் வாத்தியம் இல்லை. வாத்தியம் இல்லாத புதியவர்கள் பேண்டின் பெயர் எழுதிய துணிப்பதாகையை முன்னால் பிடித்துக்கொண்டு நடப்பது வழக்கம். ஒரு கொம்பு அவளிடம், மறு கொம்பு ஒரு சின்னப் பெண்ணிடம். டிரம்மின் எடை இல்லாத தோள் ஏதோ மறந்து வைத்துவிட்டு வந்தது போல இருந்தது. பின்னால் மிஸஸ் பர்விஸ் வரிசை வரிசையாகப் போய்ச் சொல்லிக்கொண்டிருந்தாள்: "குளிர்கிடங்கு வாசல்ல எது கேட்டாலும் நிறுத்தக் கூடாது. ஜூட், பூரா பலத்தோட அடி. ஒளிச்சு மறைச்சு அடிக்கிற வேலை இனிமே வேணாம்." அதைச் சொல்லும்போது அவள் மார்னி இருந்த பக்கம் பார்க்கவில்லை.

அம்மா அதே படகுத்தூணருகே நின்றிருந்தாள். டிரம்மில் வேறு பையனைப் பார்த்துச் செல்பேசியைக் கொஞ்சம் இறக்கினாள், பிறகு பதாகையின் கொம்புக்குப் பின்னால் மகளைக் கண்டுபிடித்து மறுபடி உயர்த்தினாள்.

படகுத்துறை மூலையில் கிளம்பினார்கள். நடைபாதையில் ஊர் அமைதியாக, காகிதப் பூக்கள் நனைய, நின்றது. வலைக் கொட்டகை போனது. ஐஸ் ஆலை போனது. பின்னால் பியூகிள்கள் மூச்சு வாங்கின, சைடு டிரம்கள் நின்றன.

ஜூட் அடித்தான்.

டிரம்முக்கு வெளியிலிருந்து அதை அவள் நேரில் கேட்டதே இல்லை. அடி முதுகில் வந்து மோதியது. அதன் குதிகாலை மிதித்துக்கொண்டு இன்னொன்று, பக்கவாட்டிலிருந்து, மூடிய ஷட்டருக்குள்ளிருந்து வந்தது. எல்லாம் தெரிந்தவளுக்கே கால் ஒரு கணம் தயங்கியது. நிறுத்து என்று அவ்வளவு தெளிவாகச் சொன்னது அது. பின்னால் ஒரு பியூகிள் பாதி நொடி தடுமாறி, பிறகு எல்லாமாக எழுந்தன.

மார்னி கொம்பை நேராகப் பிடித்தாள். தலையைத் திருப்பக் கூடாது என்பது விதி. ஓரக்கண்ணால் மட்டும், ஷட்டரின் அடியில் இருந்த இடுக்கை, உள்ளே யாருடைய காலாவது தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே நடந்து போனாள்.